கீன்: 'ஆர்வம்' என்று மட்டும் எண்ணாதீர்கள் – பொருளும் பயன்பாடும், முழுமையான வழிகாட்டி

ஆங்கில அகராதியில் 'கீன்' என்ற சொல்லைத் தேடினால் ஆர்வமுள்ள, கூரான, நுட்பமான, கடுமையான, மலிவான என்று ஒன்றோடொன்று ஒட்டாத பொருள்கள் வரிசையாக வரும். கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறைப் பக்கம் ஆங்கிலம் கற்க வரும் பிள்ளைகள் பெரும்பாலும் முதல் பொருளை மட்டும் பிடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். 'கீன் என்றால் ஆர்வம்', அவ்வளவுதான். அதனால்தான் 'கீன் காம்பெடிஷன்' என்பது 'ஆர்வமான போட்டி' ஆகிவிடுகிறது. நேர்காணலில் 'ஐ ஹேவ் கீன் இன் அக்கவுண்ட்ஸ்' என்று வாய் வந்துவிடுகிறது. கைபேசியில் உள்ள மொழிபெயர்ப்புச் செயலிகளும் பல நேரம் இதே தவறைத்தான் செய்கின்றன.

இந்தச் சொல்லை 'ஆர்வம்' என்ற சொல்லோடு கட்டாமல், நம்மிடம் உள்ள 'கூர்' என்ற சொல்லோடு கட்டிக்கொண்டால் சிக்கலில் பாதி தீர்ந்துவிடும். மீதிப் பாதி இலக்கணம். இரண்டையும் படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: முதலில் ஓசை

கே, இரண்டு ஈ, ஒரு என். நெடில் ஓசை: கீன். இதைக் குறுக்கி 'கின்' என்று சொன்னால் அது வேறு சொல். 'கின்' என்றால் உற்றார் உறவினர். வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்கள் நிரப்பும் படிவங்களில் 'நெக்ஸ்ட் ஆஃப் கின்' என்று ஒரு கட்டம் இருக்குமே, நெருங்கிய உறவினரின் பெயரை எழுதும் இடம், அந்த 'கின்'தான் இது. குறில் நெடில் பார்த்துப் பேசும் மொழி நம்முடையது. கிளி, கீரி என்று வேறுபடுத்திப் பழகிய வாய்க்கு இது சிரமமே இல்லை, கவனம்தான் வேண்டும்.

ஆங்கில உச்சரிப்பு நமக்கு வராது என்ற அச்சம் டெல்டாப் பிள்ளைகளிடம் நிறைய இருக்கிறது. அதற்குக் காரணமே கிடையாது. 1869இல் வலங்கைமானில் எளிய குடும்பத்தில் பிறந்து, கும்பகோணத்தில் படித்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரியைத்தான் ஆங்கிலம் பேசும் உலகம் 'வெள்ளி நாக்குப் பேச்சாளர்' என்று புகழ்ந்தது.

படி 2: சொல்லின் வேரைத் தெரிந்துகொள்ளுங்கள்

பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு ஆர்வம் என்ற பொருளே கிடையாது. துணிச்சலான, வீரமிக்க என்பதுதான் பொருள். ஜெர்மன், டச்சு மொழிகளில் இதே வேரிலிருந்து வந்த சொற்கள் இன்றும் 'துணிச்சல்' என்ற பொருளில்தான் வழங்குகின்றன. 'கான்ராட்' என்ற ஜெர்மானியப் பெயரின் முதல் பாதி இந்தச் சொல்தான், முழுப் பெயருக்குத் 'துணிவான ஆலோசனை தருபவன்' என்று பொருள் சொல்வார்கள்.

ஆங்கிலத்தில் மட்டும் இந்தச் சொல் தனி வழியில் போனது. பின்னாளில், வெட்டும் கருவியின் விளிம்புக்கு இதைச் சொல்ல ஆரம்பித்தார்கள். கூரான வாள், கூரான கத்தி. அதற்கும் பின்னால்தான் மனம் ஒன்றை நோக்கிப் பாய்கிற வேட்கையைக் குறித்தது. துணிவு, கூர்மை, வேட்கை என்ற இந்த வரிசை மனத்தில் இருக்கட்டும். ஒருவர் 'கீன்' என்று சொன்னால் அவருக்கு வெறும் விருப்பம் மட்டும் இல்லை, அந்த விருப்பத்துக்கு ஒரு முனை இருக்கிறது.

'ஈகர்' என்ற சொல்லும் இதே பாதையில்தான் வந்திருக்கிறது. அதன் மூலம் 'கூர்மையான, சுள்ளென்ற' என்று பொருள்படும் லத்தீன் சொல். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது 'புளிப்பான, உறைப்பான' என்ற பொருளும் கூடவே இருந்தது. 'வினிகர்' என்ற சொல்லின் பின்பாதியும் அதே வேர்தான், புளித்த திராட்சை மது என்று பொருள்.

படி 3: நம் 'கூர்' என்ற சொல்லைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்

எனக்கு மிகவும் பிடித்த படி இது. பள்ளியில் உரிச்சொல் படித்தது நினைவிருக்கும். 'சால உறு தவ நனி கூர் கழி மிகல்' என்று நன்னூல் சொல்கிறது. ஆறும் மிகுதியைக் குறிக்கும் சொற்கள். அந்த ஆறில் ஐந்தாவதாக நிற்கிறது 'கூர்'. கத்தியின் கூரும் இதே சொல்தான். 'அன்பு கூர்ந்து' என்று கடிதத்தில் எழுதுகிறோமே, அங்கே அன்புக்குக் கத்தி முனை எதுவும் இல்லை. அன்பு மிகுந்து என்று பொருள். 'கூர்ந்து கவனி' என்றால் கண்ணையும் கருத்தையும் ஒரு முனையில் குவிப்பது. 'கூர்மதி' என்றால் நுட்பமான அறிவு.

விளிம்பின் கூர்மை, புலனின் கூர்மை, அறிவின் கூர்மை, உணர்வின் மிகுதி: இந்த நான்கும் தமிழில் 'கூர்' என்ற ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. ஆங்கிலத்தில் 'கீன்' என்ற சொல்லுக்குள்ளும் கிட்டத்தட்ட இதே நான்கும் இருக்கின்றன. ஐந்தாவதாக ஒரு பொருள், அதாவது 'இதைச் செய்ய எனக்கு ஆவல்' என்பது, ஆங்கிலத்தில் கூடுதலாக வளர்ந்திருக்கிறது. இப்போது அகராதியின் பட்டியலைத் திரும்பப் பார்த்தால் பொருள்கள் சிதறிக் கிடப்பதாகத் தோன்றாது.

இரண்டு மொழிக்கும் தொடர்பு உண்டு, தமிழிலிருந்துதான் ஆங்கிலத்துக்குப் போனது என்றெல்லாம் யாரும் கிளம்பிவிட வேண்டாம். வேர்கள் வேறு. கூர்மையான பொருளைக் கையில் பிடித்துப் பழகிய மனிதர்கள் எங்கே இருந்தாலும் மனத்தையும் அதே சொல்லால் பேசியிருக்கிறார்கள், அவ்வளவே.

படி 4: பக்கத்தில் நிற்கும் சொல்லைப் பாருங்கள்

'கீன்' எந்தப் பொருளில் வருகிறது என்பதை அதன் பின்னால் வரும் பெயர்ச்சொல் சொல்லிவிடும். அகராதி தேவையில்லை.

பின்னால் வருவது புலன் அல்லது அறிவு என்றால், பொருள் கூர்மை. 'கீன் ஐ', 'கீன் இயர்', 'கீன் சென்ஸ் ஆஃப் ஸ்மெல்', 'கீன் மைண்ட்'. தஞ்சாவூர் வீணை செய்கிறவரை எடுத்துக்கொள்ளுங்கள். வீணையின் 24 மெட்டுகளையும் மெழுகில் பதிக்கும்போது ஒவ்வொரு மெட்டும் சரியான சுரத்தில் நிற்கிறதா என்று காதால்தான் தீர்மானிக்க வேண்டும். மயிரிழை தள்ளிப்போனாலும் சுரம் பிசகும். அந்தக் காதைத்தான் ஆங்கிலத்தில் 'எ கீன் இயர்' என்பார்கள். சுவாமிமலையில் ஐம்பொன் படிமத்துக்கு மெழுகில் உருவம் பிடிக்கும் சிற்பியின் பார்வை 'எ கீன் ஐ'. இந்த இடத்தில் பின்னால் 'ஃபார்' சேர்ப்பது வழக்கம்: 'எ கீன் ஐ ஃபார் டீடெய்ல்'. நுணுக்கங்களைத் தவறவிடாத கண் என்று பொருள். வேலை விண்ணப்பங்களில் அடிக்கடி வரும் தொடர் இது.

'கீன் மைண்ட்' என்பதற்குக் கும்பகோணத்துக்காரர்கள் வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை. சாரங்கபாணி சன்னதித் தெருவில் வளர்ந்த ராமானுஜன், 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்குக் கடிதம் எழுதியபோது அவரிடம் பட்டம் எதுவும் இல்லை. கணக்கைத் தவிர மற்றப் பாடங்களில் மனம் செல்லாததால் கல்லூரித் தேர்வில் தேறவில்லை. அவருடைய அறிவைச் சொல்ல 'கீன் மைண்ட்' பொருந்தும். கணிதத்தின் மேல் அவருக்கிருந்த தீராத வேட்கையைச் சொல்லவும் 'கீன்' பொருந்தும். இரண்டு பொருளும் ஒரே மனிதரிடம்.

பின்னால் வருவது உணர்ச்சி, போட்டி, ஈடுபாடு போன்ற சொல் என்றால், பொருள் மிகுதி. நன்னூலின் 'கூர்' அப்படியே வருகிறது. 'கீன் இண்ட்ரெஸ்ட்' என்றால் மிகுந்த ஈடுபாடு. 'கீன் காம்பெடிஷன்' என்றால் கடும் போட்டி. 'கீன் டிஸப்பாயின்ட்மென்ட்' என்றால் ஆழ்ந்த ஏமாற்றம். இந்த இடங்களில் 'ஆர்வமான' என்று மொழிபெயர்த்தால் கட்டாயம் தவறாகும். ஆர்வத்துக்கும் ஏமாற்றத்துக்கும் என்ன தொடர்பு?

பின்னால் வருவது ஓர் ஆளைக் குறிக்கும் சொல் என்றால், அவர் அந்தக் காரியத்தை விரும்பித் தொடர்ந்து செய்கிறவர். 'எ கீன் கார்டனர்' என்றால் தோட்ட வேலையில் மனம் தோய்ந்தவர். சம்பளத்துக்குச் செய்கிறவர் என்றோ, அதில் கரைகண்டவர் என்றோ பொருள் இல்லை. 'எ கீன் ரீடர்', 'எ கீன் கிரிக்கெட்டர்', 'எ கீன் ரசிகா' என்று எதையும் சொல்லலாம். திருவையாற்றில் ஆண்டுதோறும் ஆராதனைக்கு வந்து மணலில் உட்கார்ந்து நாள் முழுதும் பாட்டுக் கேட்கிற பெரியவருக்குக் கச்சிதமாகப் பொருந்தும் தொடர் அது.

பின்னால் 'எட்ஜ்' வந்தால், கருவியின் விளிம்பு. கொல்லுப் பட்டறையில் புதிதாகக் கருக்குப் போட்டு வாங்கிய கதிர் அரிவாள், வெற்றிலைச் செல்லத்தில் இருக்கும் பாக்குவெட்டி, எதற்கும் 'எ கீன் எட்ஜ்' என்று எழுதலாம். ஆனால் அன்றாடப் பேச்சில் கத்தியைப் பற்றிச் சொல்ல 'ஷார்ப்' என்பதுதான் வழக்கம். கடைக்காரரிடம் போய்க் 'கீன்' கத்தி கேட்டால் விளங்காது. எழுத்தில், அதுவும் சற்று இலக்கிய நடையில் மட்டும் வரும்.

காற்றுக்கும் குளிருக்கும் இது வரும். 'எ கீன் விண்ட்' என்றால் உடம்பைக் குத்துகிற குளிர்காற்று. மார்கழி விடியலில் வீசும் வாடைக்குச் சொல்லலாம் என்றாலும், சொல் பிறந்த ஊரின் குளிர் வேறு.

கடைசியாக விலை. இங்கிலாந்தில் 'கீன் பிரைசஸ்' என்று கடைகள் விளம்பரம் செய்யும். மற்றக் கடைகளோடு போட்டி போடும் அளவுக்குக் குறைந்த விலை என்று பொருள். நம் ஊரில் இதைப் பயன்படுத்த வேண்டிய அவசியம் வராது, படித்தால் விளங்கினால் போதும்.

படி 5: 'ஆன்' எங்கே, 'டு' எங்கே

பெரும்பாலோர் தடுமாறும் இடம் இதுதான், நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் ஓர் அடிப்படை. 'ஆர்வம்' பெயர்ச்சொல், 'கீன்' பெயரடை. தமிழில் 'எனக்கு ஆர்வம் இருக்கிறது' என்கிறோம். அதே அமைப்பை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனால் 'ஐ ஹேவ் கீன்' என்று வரும். அது தவறு. 'ஐ ஆம் கீன்' என்பதே சரி. பெயர்ச்சொல்லாகத்தான் சொல்ல வேண்டும் என்றால் 'ஐ ஹேவ் எ கீன் இண்ட்ரெஸ்ட்' என்று 'இண்ட்ரெஸ்ட்' சேர்த்துச் சொல்லுங்கள்.

அடுத்தது வேற்றுமை உருபு. 'கணக்கியலில் ஆர்வம்' என்று நாம் 'இல்' போடுகிறோம். 'இண்ட்ரெஸ்டட் இன்' என்று ஆங்கிலத்திலும் 'இன்' வருகிறது. அதனால் 'கீன் இன்' என்று எழுதத் தோன்றும். ஆனால் 'கீன்' வந்தால் 'ஆன்' தான்: 'கீன் ஆன் அக்கவுண்டிங்'. அதேசமயம் 'எ கீன் இண்ட்ரெஸ்ட் இன் அக்கவுண்டிங்' என்று எழுதினால் 'இன்' சரி. அங்கே 'இன்' என்பது 'இண்ட்ரெஸ்ட்' கேட்டு வாங்கியது, 'கீன்' கேட்டது இல்லை. இந்த ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொண்டாலே விண்ணப்பக் கடிதத்தின் தரம் உயர்ந்துவிடும்.

இப்போது 'ஆன்', 'டு' இரண்டுக்கும் உள்ள வேறுபாடு. 'ஆன்' என்றால் பின்னால் ஒரு பெயர்ச்சொல், அல்லது 'இங்' விகுதி சேர்ந்த வினை. பொதுவான பிடிப்பைச் சொல்லும். 'ஷி இஸ் கீன் ஆன் நாதஸ்வரம்': அவளுக்கு நாதஸ்வரம் என்றால் பிடிக்கும், எப்போதும் பிடிக்கும். 'ஹி இஸ் கீன் ஆன் ஸ்விம்மிங்': அவனுக்கு நீச்சல் பிடிக்கும்.

'டு' என்றால் பின்னால் வினையின் அடிவடிவம். இன்னதைச் செய்ய வேண்டும் என்ற குறிப்பிட்ட ஆவலைச் சொல்லும். 'ஹி இஸ் கீன் டு ஸ்விம் டுடே': ஆற்றில் தண்ணீர் வந்திருக்கிறது, இன்றைக்கு நீந்தியே ஆக வேண்டும் என்று துடிக்கிறான்.

மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. அன்று தண்ணீர் வந்துவிடும் என்று தெரிந்தால் குறுவை போட நினைக்கிறவர்கள் நாற்றங்காலைத் தயார் செய்ய ஆரம்பித்துவிடுவார்கள். அவர்களைப் பற்றி 'த ஃபார்மர்ஸ் ஆர் கீன் டு ஸ்டார்ட் த குறுவை கிராப்' என்று எழுதலாம். குறிப்பிட்ட பருவம், குறிப்பிட்ட வேலை, அதனால் 'டு'. அதே விவசாயிக்குப் பாரம்பரிய நெல் ரகங்கள் மேல் பொதுவாகவே பிடிப்பு உண்டு, மாப்பிள்ளைச் சம்பாவும் கிச்சிலிச் சம்பாவும் போடுகிறவர் என்றால் 'ஹி இஸ் கீன் ஆன் டிரெடிஷனல் பேடி வெரைட்டீஸ்'.

இந்திய ஆங்கிலச் செய்தித்தாள்களில் 'த கவர்ன்மென்ட் இஸ் கீன் ஆன் டூயிங்' என்று திட்டங்களைப் பற்றி எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். குறிப்பிட்ட காரியத்துக்கும் அங்கே 'ஆன்' வருகிறது. அது தவறில்லை, நம் நாட்டு வழக்கம். ஆனால் கற்றுக்கொள்ளும் நிலையில் இருப்பவர்கள் மேலே சொன்ன வேறுபாட்டையே பிடித்துக்கொள்வது நல்லது. எங்கும் செல்லும்.

மூன்றாவதாக ஒரு வகை இருக்கிறது. ஆவல் ஒருவருடையது, செயல் வேறொன்றினுடையது என்றால் 'தட்' வரும். 'வி ஆர் கீன் தட் த வாட்டர் ஷுட் ரீச் த டெய்ல் எண்ட்'. தண்ணீர் கடைமடை வரை போய்ச் சேர வேண்டும் என்பது எங்கள் ஆவல். ஆவல் எங்களுக்கு, போக வேண்டியது தண்ணீர். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்துக்காரர்களுக்கு இந்த வாக்கியம் உதாரணத்துக்காகச் சொன்னதாக இருக்காது.

ஓர் எச்சரிக்கையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். 'கீன் ஆன்' என்ற தொடருக்குப் பின்னால் ஒரு மனிதரின் பெயர் வந்தால், அவர்மேல் காதல் விருப்பம் என்ற பொருள் வரும். 'ஐ ஆம் கீன் ஆன் மை மேனேஜர்' என்று எழுதினால் மேலாளரின் வேலைமுறையைப் பாராட்டுவதாக யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பாராட்ட வேண்டும் என்றால் 'ஐ அட்மயர்' என்று எழுதுங்கள்.

படி 6: மறுப்பதற்கும் இதுவே

'ஐ ஆம் நாட் வெரி கீன்' என்பது பணிவான மறுப்பு. சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'அவ்வளவு ஆர்வம் இல்லை' என்றுதான் வரும். ஆனால் ஆங்கிலேயர் வாயில் இது பெரும்பாலும் 'வேண்டாம்' என்பதற்குச் சமம். முகத்தில் அடித்தாற்போலச் சொல்லாமல் ஒதுங்கிக்கொள்வது. நம் வீடுகளில் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் 'ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம்' என்று சொல்வதை யாரும் சம்மதம் என்று எடுத்துக்கொள்வதில்லை, இதையும் அப்படித்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். வெளிநாட்டு நிறுவனத்தில் பேசும்போது எதிரில் இருப்பவர் 'நாட் டூ கீன்' என்றால், இன்னும் கொஞ்சம் வற்புறுத்தினால் ஒப்புக்கொள்வார் என்று நினைத்து வற்புறுத்தாதீர்கள்.

படி 7: இதன் மற்ற வடிவங்கள்

'கீனர்', 'கீனெஸ்ட்' என்பவை ஒப்பீடு. 'கீன்னஸ்' பெயர்ச்சொல், எழுதும்போது இரண்டு 'என்' வரும், ஒன்றை விட்டுவிடுவது பரவலான பிழை. 'கீன்லி' வினையடை. இதில் கவனிக்க வேண்டியது, 'கீன்லி' பெரும்பாலும் ஆவலைவிட மிகுதியையும் கூர்மையையும்தான் குறிக்கும். 'கீன்லி அவேர்' என்றால் நன்கு உணர்ந்த, 'கீன்லி ஃபெல்ட்' என்றால் ஆழமாக உறைத்த, 'கீன்லி கான்டெஸ்டட்' என்றால் கடும் போட்டி நிலவிய. உள்ளாட்சித் தேர்தல் செய்திகளில் கடைசித் தொடரைத் தவறாமல் பார்க்கலாம்.

'கீன் அஸ் மஸ்டர்ட்' என்று ஒரு மரபுத்தொடர் பிரிட்டனில் உண்டு. கடுகு மாதிரி சுறுசுறுப்பும் ஆவலும் நிறைந்தவர். அவர்கள் கடுகை அரைத்து இறைச்சிக்குத் தொட்டுக்கொள்வார்கள், அதன் காரம் மூக்கில் ஏறும். கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்று சொல்லி வளர்ந்த நமக்கு இதன் உறைப்பு உடனே பிடிபடும். லண்டனில் 'கீன்' என்ற பெயரில் கடுகு வணிகம் செய்த நிறுவனத்தால்தான் இந்தத் தொடர் வந்தது என்று ஒரு கதை உலவுகிறது. அது பொருந்தாது. அந்த நிறுவனம் தொடங்கியது 18ஆம் நூற்றாண்டில், தொடரோ 17ஆம் நூற்றாண்டிலேயே அச்சில் இருக்கிறது.

படி 8: அக்கம்பக்கத்துச் சொற்கள்

'இண்ட்ரெஸ்டட்' சாதுவானது. தெரிந்துகொள்ள விருப்பம், அவ்வளவே. 'கீன்' அதைவிட ஒரு படி மேல், ஆனால் நிதானம் உண்டு. 'ஈகர்' என்றால் பொறுமை கொஞ்சம் குறைவு, காத்திருக்க முடியாத ஆவல். 'என்தூசியாஸ்டிக்' வெளியே தெரிகிற உற்சாகம், முகத்திலும் பேச்சிலும் பொங்கும். 'கீன்' ஆக இருக்கிற ஒருவர் அமைதியாகவும் இருக்கலாம்.

'ஆங்ஷஸ் டு' என்பதை நம் ஊரில் ஆவலுக்குச் சொல்வது அதிகம். அதில் கவலையின் சாயல் கலந்திருக்கிறது. தேர்வு முடிவுக்குக் காத்திருக்கிறவர் 'ஆங்ஷஸ்'. புதிய வேலையில் சேர மகிழ்ச்சியோடு காத்திருக்கிறவர் 'கீன்' அல்லது 'ஈகர்'. 'ஷார்ப்' அறிவைக் குறிக்கும்போது 'கீன்' போலவே வரும். ஆனால் 'ஷார்ப் டங்' என்றால் சுடுசொல் பேசும் நாக்கு. அங்கே 'கீன்' போட முடியாது.

படி 9: எந்த ஊரில் எப்படி

பிரிட்டன், இந்தியா, ஆஸ்திரேலியா, சிங்கப்பூர் ஆகிய இடங்களில் 'கீன் ஆன்', 'கீன் டு' இரண்டும் சாதாரணப் பேச்சு. அமெரிக்காவில் குறைவு. அங்கே அதே இடத்தில் 'ஈகர்', 'எக்ஸைட்டட்' போன்றவைதான் அதிகம் காதில் விழும். 'கீன் ஐ', 'கீன் இண்ட்ரெஸ்ட்' போன்றவை அங்கேயும் உண்டு. அமெரிக்கக் கொச்சையில் ஒரு காலத்தில் 'அருமை' என்ற பொருளிலும் 'கீன்' வழங்கியது, பழைய படங்களில் கேட்கலாம். கனடாவில் 'கீனர்' என்றால் வகுப்பில் எல்லாக் கேள்விக்கும் முந்திக்கொண்டு கை தூக்குகிற மாணவர், பாராட்டும் கேலியும் கலந்த சொல்.

சிங்கப்பூரைத் தனியாகச் சொல்ல வேண்டும். மன்னார்குடி, பட்டுக்கோட்டை, திருத்துறைப்பூண்டி வட்டாரத்தில் அங்கே வேலைக்குப் போகாத ஆள் இல்லாத தெரு குறைவு. அங்கே வேலை பற்றிய குறுஞ்செய்திகளில் 'ஆர் யூ கீன்?' என்று ஒற்றை வரி வரும். 'இஃப் யூ ஆர் கீன், ப்ளீஸ் ரிப்ளை' என்றும் வரும். இந்த வேலையில் சேர விருப்பமா என்று கேட்கிறார்கள். 'யெஸ், ஐ ஆம் கீன்' என்று பதில் போட்டால் போதும், பின்னால் எதுவும் சேர்க்க வேண்டாம். சம்பளம், தங்குமிடம், முகவர் கட்டணம் எல்லாம் கேட்ட பிறகு முடிவு செய்ய நினைத்தால் 'ஐ ஆம் கீன் டு நோ மோர்' என்று போடுங்கள். சம்மதம் சொன்னதாக ஆகாது, கதவும் திறந்திருக்கும்.

படி 10: விண்ணப்பக் கடிதத்தில்

ஒரு கடிதத்தில் 'கீன்' ஒரு முறை போதும். 'ஐ ஆம் கீன் டு லேர்ன்' என்று எல்லோருமே எழுதுவதால் அந்த வரி தனியாக நின்றால் எடுபடாது. எதைக் கற்க ஆவல் என்பதையும், அந்த ஆவலுக்கு என்ன செய்திருக்கிறீர்கள் என்பதையும் அடுத்த வரியில் சொல்லுங்கள். அரிசி ஆலையில் கணக்கர் வேலைக்கு எழுதுகிறவர் என்றால், 'ஐ ஆம் கீன் டு ஒர்க் இன் ரைஸ் மில் அக்கவுண்ட்ஸ்' என்று எழுதிவிட்டு, உடனே டேலி பயிற்சி முடித்ததையோ, நெல் கொள்முதல் நிலையத்தில் கணக்கெழுதிய அனுபவத்தையோ எழுதலாம். சொன்ன ஆவலுக்கு அடுத்த வரி சான்றாக நிற்க வேண்டும். பொழுதுபோக்கு என்ற இடத்தில் 'எ கீன் ரீடர்' என்று எழுதினால், நேர்காணலில் கடைசியாக என்ன படித்தீர்கள் என்று கேட்பார்கள். பதில் கைவசம் இருந்தால் எழுதுங்கள்.

படி 11: இதே ஓசையில் இன்னொரு சொல்

எழுத்தும் ஓசையும் ஒன்றாக இருந்து, பிறப்பு மட்டும் வேறான இன்னொரு 'கீன்' இருக்கிறது. அது ஐரிஷ் மொழியிலிருந்து வந்தது. இறந்தவருக்காக ஓலமிட்டு அழுவதும் அந்த அழுகைப் பாட்டும் 'கீன்'. அயர்லாந்துக் கிராமங்களில் சாவு வீட்டில் பெண்கள் கூடி, இறந்தவரின் பெருமையையும் தங்கள் இழப்பையும் பாட்டாகப் பாடி அழுவார்கள். அதில் தேர்ந்த பெண்களைக் கூலி கொடுத்து அழைப்பதும் உண்டு. திருச்சபை அதை விரும்பவில்லை, காலப்போக்கில் வழக்கம் மறைந்துவிட்டது.

நமக்கு இதை விளக்கவே தேவையில்லை. ஒப்பாரி என்ற ஒரு சொல் போதும். கீழத்தஞ்சைக் கிராமங்களில் வயதான பெண்கள் சிலர் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டுக்கொண்டு ஒப்பாரி வைப்பதை நீங்களே பார்த்திருக்கலாம். அவர்களுடைய பாட்டுகளைப் பதிவு செய்து வைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. இதைச் சொல்லும் பெரும்பாலான ஆங்கிலக் கட்டுரைகளில் 'கீனிங்' என்ற வடிவத்தைக் காண்பீர்கள். 'ஷி இஸ் கீனிங்' என்றால் அவள் ஓலமிட்டு அழுகிறாள். எனவே ஆவலைச் சொல்ல 'ஐ ஆம் கீனிங்' என்று ஒருபோதும் எழுதாதீர்கள்.

படி 12: நீங்களே எழுதிப் பாருங்கள்

கீழே வரும் வாக்கியங்களை முதலில் நீங்களே ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள், பிறகு விடையைப் படியுங்கள்.

'அப்பாவுக்கு ஒரு மாடு வாங்க வேண்டும் என்று ஆசை.' குறிப்பிட்ட செயல், அதனால் 'டு': 'மை ஃபாதர் இஸ் கீன் டு பை எ கௌ'.

'அத்தைக்குத் தோட்டம் என்றால் உயிர்.' இரண்டு வழி உண்டு. 'மை ஆன்ட் இஸ் கீன் ஆன் கார்டனிங்' அல்லது 'மை ஆன்ட் இஸ் எ கீன் கார்டனர்'. இரண்டாவது இன்னும் இயல்பு.

'தாத்தாவுக்கு இந்த வயதிலும் காது நல்ல கூர்மை.' 'மை கிராண்ட்ஃபாதர் ஸ்டில் ஹாஸ் கீன் ஹியரிங்'.

'தம்பிக்கு வெளிநாடு போக அவ்வளவாக இஷ்டமில்லை.' 'மை பிரதர் இஸ் நாட் வெரி கீன் ஆன் கோயிங் அப்ராட்'. 'டு கோ' என்றாலும் சரிதான்.

'பால் கூட்டுறவுச் சங்கத் தேர்தலில் போட்டி பலமாக இருந்தது.' 'இட் வாஸ் எ கீன்லி கான்டெஸ்டட் எலெக்‌ஷன்'.

'இந்த வருடம் கடைமடை வரை தண்ணீர் கொண்டுபோயே தீருவோம் என்று பாசனச் சங்கத்தார் உறுதியாக இருக்கிறார்கள்.' இதில் 'கீன்' போடாதீர்கள். 'கீன்' விருப்பத்தின் கூர்மையைச் சொல்லும், செய்து முடிக்கும் உறுதியைச் சொல்லாது. 'தே ஆர் டிடர்மின்ட் டு டேக் த வாட்டர் டு த டெய்ல் எண்ட்' என்று எழுதுங்கள். அதே சங்கத்தார் வாய்க்காலைத் தூர்வாரும் வேலை எப்போது ஆரம்பிக்கும் என்று அதிகாரியிடம் கேட்டு எழுதும் மனுவில் 'வி ஆர் கீன் டு நோ' என்று எழுதலாம். அங்கே அது பொருத்தமான சொல்.